இரண்டு வீட்டுக்கு ஒரு வயர்

எங்கள் வீடு உண்மையில் ஒரே வீடு. எனக்குக் கல்யாணம் பேசியபோது அம்மா நடுவில் ஒரு கல்சுவர் எழுப்பி அதை இரண்டாக்கினார். முன்பாதி எனக்குச் சீதனம். பின்பாதியில் அண்ணா, தனக்கென்று ஒரு வீடு கட்டும் வரைக்கும் இருக்கட்டும் என்றார். அண்ணா திருகோணமலைத் துறைமுகத்தில் மின்சார வேலைக்குப் போய், தலை நரைத்து, ஓய்வும் பெற்றுவிட்டார். அந்த வீட்டின் அத்திவாரத்தை இன்றைக்கு வரைக்கும் ஒருவரும் கண்டதில்லை.

தொலைபேசிக் கம்பம் பின்பக்கத்துக் குறுகிய ஒழுங்கையில் நிற்பதால் லைன் அண்ணாவின் பாதிக்குள்தான் இறங்குகிறது. இணையமும் அந்தப் பழைய செம்புக் கம்பியில்தான் வந்தது. கைத்தொலைபேசியை நம்ப முடியாது. எங்கள் ஒழுங்கைக்கு முன்னால் துறைமுகத்துக் குன்று ஒன்று குந்திக்கொண்டிருக்கிறது. அதன் மறைப்பில் சிக்னல் ஒரு கோடு காட்டும், நல்ல நாளில் இரண்டு. கதைக்கலாம். முகம் பார்த்துக் கதைக்க வெளிக்கிட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே அண்ணா வீட்டு ரவுட்டரை விட்டால் எங்களுக்கு வேறு வழி இல்லை.

முதலில் அது வயர் இல்லாமல்தான் வேலை செய்தது. ஒரு ஐப்பசி மாதப் பின்னேரம் சீனன்குடாப் பக்கம் இடி விழுந்தது. அது லைன் வழியாக வந்து ரவுட்டரைப் பாதி கொன்றுவிட்டது. வைஃபை செத்தது. பின்னாலிருந்த நான்கு துளைகளில் இரண்டுக்கு மட்டும் உயிர் இருந்தது. புதிதாக ஒன்று வாங்குவோம் என்று மச்சாள், அதாவது அண்ணாவின் மனைவி, சொல்லிப் பார்த்தார். "வயர் இழுக்க ஏலுமெண்டால் காத்தில ஏன் அனுப்புவான்?" என்று அண்ணா கேட்டார். வாழ்நாள் முழுக்க வயரோடு சீவித்த மனிதரிடமிருந்து வேறென்ன பதில் வரும்! ஒரு துளையை அவருடைய கம்பியூட்டருக்கு எடுத்துக்கொண்டார். மற்றதிலிருந்து ஒரு நீல வயரை இழுத்து, நடுச்சுவரில் தானே துளை போட்டு, எங்கள் டீவி மேசை வரைக்கும் கொண்டுவந்து விட்டார். வயரின் முனையில் பூட்டுகிற அந்தக் கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் தலையையும் தன் கையாலேயே நசுக்கிப் பூட்டினார். "தங்கச்சி, இதை இழுத்துக் கழட்டக் கூடாது, அமத்திக் கழட்ட வேணும்" என்று இரண்டு தரம் செய்து காட்டினார். அப்போது எங்களுக்குள் கதை பேச்சு இருந்தது.

பிறகு அம்மாவை லண்டனுக்கு அனுப்புகிற பேச்சு வந்தது. அக்கா அங்கே இருக்கிறார். அம்மாவுக்குச் சீனி வருத்தம், காலில் ஒரு புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. அங்கே நல்ல வைத்தியம் என்று அக்கா சொல்ல, நானும் ஓம் என்றேன். அண்ணா ஏலாது என்றார்.

"அந்தக் குளிருக்குள்ள அவ தாங்கமாட்டா. அனுப்பினால் உயிரோட திரும்பி வரமாட்டா."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். "அப்ப இஞ்ச கிடந்து கால் அழுகிச் சாகட்டும் எண்டுறியளோ?" என்று கேட்டுவிட்டேன். விசாப் பாரங்களை நிரப்பியது நான். கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். பெட்டி அடுக்கியதும் நான். அம்மாவை விமானத்தில் ஏற்றிவிட்டு வந்த அன்றிலிருந்து அண்ணா என்னோடு கதைப்பதை நிறுத்தினார். நானும் நிறுத்தினேன். அவர் நிறுத்தினால் நான் மட்டும் என்ன, பின்னால் போய்க் கெஞ்சுவேனா?

நாலு வருசம் அப்படியே போனது. எங்கள் பக்கத்தில் கதை இல்லாமல் இருப்பதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. பொங்கல் போகும், வரும். மச்சாளும் நானும் கதைப்போம். பிள்ளைகள் இரண்டு பக்கமும் திரிவார்கள். அவருக்குச் சொல்ல வேண்டியதை மச்சாளின் காதில் போட்டால் அது போய்ச் சேரும். ஆனால் அவர் என் வாசற்படி மிதிக்கமாட்டார், நான் அவருடையதை மிதிக்கமாட்டேன். நீல வயரை மட்டும் அவர் கழற்றவில்லை. கழற்றினால் அம்மா என்னோடு கதைக்க ஏலாது. வானம் முழங்கினால் மச்சாள் ஓடிப்போய் லைன், கரண்ட் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார். வெளித்ததும் எல்லாவற்றையும் திரும்பச் செருகுவார், என்னுடையதையும் சேர்த்து.

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் அம்மா கோல் எடுப்பார். முதலில் அண்ணாவுக்கு, பிறகு எனக்கு. அந்த லைன் ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்தைத் தாங்காது. அண்ணா அம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தால் என் பக்கத்தில் இணையப் பத்திரிகை கூடத் திறக்காது. மகன் இல்லையா, அவருக்குத்தான் முதல் இடம் என்று முணுமுணுத்துக்கொண்டு காத்திருப்பேன். என் முறை வந்ததும் அம்மா கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"கொண்ணனோட கதைச்சனியோ?"

"சாப்பிட்டீங்களோ அம்மா?" என்று நான் கேட்பேன்.

நான் வேலை செய்கிற அரசாங்கக் கச்சேரியில் ஒரு கோப்பைத் தேடிக்கொண்டு நின்றபோதுதான், அம்மா போய்விட்டார் என்று அக்காவின் அழைப்பு வந்தது. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓட்டோவில் வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்குப் பக்கத்தால் பின்னுக்குப் போகிற ஒடுக்கில், குழாயடியில் அண்ணா நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினார். என்னைக் கண்டார். உயிரோடு திரும்பி வரமாட்டா என்று சொன்னவர் அவர். அதை அவர் என் முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் குழாயைப் பூட்டிவிட்டு உள்ளே போனார். நான் என் பக்கத்துக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அந்த நாட்டில் ஆள் செத்தால் அடுத்த நாள் எடுக்கமாட்டார்கள். பதினாறு நாள் எடுத்தது. பதினாறு நாளும் எங்கள் வீடு பிரேதம் இல்லாத செத்த வீடு. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முதலில் என்னிடம் வந்து, அதே முகத்தோடு பக்கத்து ஒடுக்கால் சுற்றிப்போய் அண்ணாவிடமும் விசாரித்தார்கள். ஒரே சாவுக்கு இரண்டு பிளேன்டீ. "எப்ப எடுக்கினம்?" என்று எல்லோரும் கேட்டார்கள். கச்சேரிக்கு வருகிற சனத்துக்கு நான் சொல்கிற பதிலையே அவர்களுக்கும் சொன்னேன், இன்னும் திகதி வரவில்லை என்று. அண்ணா கொள்ளி வைக்கப் போவதற்கு விசாவுக்குப் போட்டிருந்தார் என்பதை மச்சாள் சொல்லித்தான் அறிந்தேன். அது நேரத்துக்குக் கிடைக்கவில்லை. அக்காவின் மகன் வைப்பதென்று முடிவாகியது.

எடுக்கிற நாள், அவர்களுடைய காலை பத்து மணி, எங்களுக்குப் பின்னேரம் இரண்டரை. முகம் பார்க்க அரை மணித்தியாலம், மூன்று மணிக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள், அங்கே ஒரு நிமிசம் முந்தாது பிந்தாது என்று அக்கா சொன்னார். அக்காவின் மருமகன் ஒருவர் கைத்தொலைபேசியில் நேரே காட்டுவார். படம் எடுத்து வைக்கக் கேட்டபோது அக்கா கத்திவிட்டார். "அம்மாவைச் செத்த கோலத்தில ஆரும் படமெடுக்க நான் விடமாட்டன். பார்க்கிறவை அந்த நேரம் பார்க்கட்டும்." ஆகவே அந்த அரை மணித்தியாலம்தான். எங்களில் செத்தவரின் முகம் பார்க்காமல் அனுப்புவதை விடப் பெரிய குறை வேறு இல்லை. பேச்சு இல்லாத பகையாளிகூட வந்து முகம் பார்த்துவிட்டுப் போவான்.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடாது என்பது எனக்குத் தெரியும். அண்ணாவுக்கும் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாதிரி நீ முதல், நான் பிறகு என்று முறை வைக்க அன்றைக்கு ஏலாது. ஒரே அறையில் இருந்து பார்க்கலாம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தம்பலகாமத்திலிருந்து சொந்தக்காரர் ஒரு வான் நிறைய வந்து இறங்கினார்கள். எல்லோரும் பின்னுக்குத்தான் போனார்கள். மகன் இருக்கிற வீடல்லவா செத்த வீடு! வாடகைக் கதிரைகளும் அங்கேதான் போயின. என் பக்கத்தில் என் கணவர், கம்பஸிலிருந்து வந்திருந்த என் மகள், எதிர் வீட்டுப் பெண் ஒருவர். நாலே நாலு பேர். அது எனக்குச் சுட்டது. அம்மாவைக் குளிப்பாட்டி, தலை இழுத்துப் பின்னி, பெட்டி அடுக்கி அனுப்பியவள் நான், எனக்கு நாலு பேரா?

இரண்டரைக்குப் படம் வந்தது. நீளமான மண்டபம், கறுப்புக் கோட்டுப் போட்ட ஆட்கள், தூரத்தில் பெட்டி. ஐயர் மந்திரம் சொல்வது என் டீவியிலும் கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்டது. அங்கே முதல் வந்தது, என்னிடம் கொஞ்சம் பிந்தி வந்தது. அண்ணாவுக்குக் கிடைத்த சொல்லின் மிச்சம்தான் எனக்கு வருகிறது என்று நினைத்தேன். துக்கத்திலும் அப்படி நினைக்க எனக்கு முடிந்தது.

கமரா பெட்டிக்குக் கிட்டப் போகத் தொடங்கியது. வெள்ளைத் துணியின் கரை தெரிந்தது. பூக்கள் தெரிந்தன. அதோடு படம் நின்றுவிட்டது. முகம் பூக்களுக்கு அந்தப் பக்கம் இருந்தது. சத்தம் மட்டும் துண்டு துண்டாக வந்து விழுந்தது.

"அம்மா, ரெண்டு பக்கமும் இழுக்கிறதாலதான் நிக்குது" என்றாள் மகள். "ஒரு பக்கம் நிப்பாட்டினால் மற்றப் பக்கம் ஓடும்."

"அப்ப அங்க போய் நிப்பாட்டச் சொல்லு."

"நான் எப்பிடியம்மா மாமாட்ட அதைச் சொல்லுறது?"

என் கணவர் எழுந்தார். "வாரும், அங்க போயிருந்து பார்ப்பம். அவரும் உம்மட அண்ணாதானே" என்றார். நான் அசையவில்லை. அவர் வந்து கூப்பிடட்டும் என்று இருந்தேன். மணி இரண்டே முக்காலைத் தாண்டியது. பூக்கள் அப்படியே நின்றன.

அந்த நேரம் சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தம் சட்டென்று நின்றது. மந்திரம் இல்லை, ஆட்களின் கசமுசா இல்லை. கதவைச் சாத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். எங்களுக்குச் சத்தம் கூடக் கேட்கக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவைத் தாங்கள் மட்டும் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். நாலு வருசக் கோபமும் ஒன்றாகத் தலைக்கு ஏறியது. "பார்க்கட்டும், முழுக்க அவையே பார்க்கட்டும்!" என்று கத்திக்கொண்டு நீல வயரைப் பிடித்து இழுத்தேன். அமத்திக் கழற்றவில்லை, இழுத்தேன். டீவி கறுத்தது. மகள் "அம்மா!" என்றாள். அவரை நேரே நாலு கேள்வி கேட்பதென்று பக்கத்து ஒடுக்கால் நடந்தேன். நாலு வருசத்துக்குப் பிறகு அந்த வாசற்படியை மிதித்தேன்.

கதவு சாத்தியிருக்கவில்லை. கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். அண்ணா கம்பியூட்டருக்கு முன்னால் கதிரையில் இருந்தார். கம்பியூட்டர் நிற்பாட்டிக் கிடந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப அங்க ஓடுதோ? அம்மாவின்ர முகம் தெரியுதோ?"

எனக்கு விளங்கவில்லை. மச்சாள்தான் மெல்லச் சொன்னார். "உங்கட பக்கம் ஓடட்டும் எண்டு நிப்பாட்டச் சொல்லிப்போட்டார். தங்கச்சிதான் அம்மாவைப் பார்த்து அனுப்பினவ, அவ பார்க்கட்டும் எண்டவர்."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வயரைப் பிடுங்கிவிட்டேன் அண்ணா, உங்கள் கம்பியூட்டரைப் போடுங்கள் என்று ஒரு வசனம். மணி மூன்றாக இன்னும் ஏழெட்டு நிமிசம் இருந்தது. இரண்டு பேரும் அந்தக் கதிரைகளில் இருந்து அம்மாவைப் பார்த்திருப்போம். அந்த ஒரு வசனம் எனக்கு வரவில்லை. என்ன கோபத்தில் அந்தப் படியேறினேன் என்பதை அத்தனை பேருக்கு முன்னால் எந்த வாயால் சொல்வது?

"ஓம்" என்றேன். "தெரியுது."

"எப்பிடி இருக்கிறா?"

"நித்திரை கொள்ளுற மாதிரி இருக்கிறா அண்ணா." செத்த வீட்டில் எல்லோரும் சொல்வது அது, தயாராக வந்து விழுந்தது.

"என்ன சீலை?"

"அந்த மாம்பழ நிறப் பட்டு. அரக்குக் கரை போட்டது." பெட்டியில் நான் மேலாக மடித்து வைத்த சீலை.

"திருநீறு பூசியிருக்கினமோ?"

"ஓம். மூண்டு குறியும் வடிவாப் பூசியிருக்கினம்."

"சத்தம் ஒண்டும் கேக்கேல்லை?"

"குறைச்சு வச்சிருக்கிறன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கோ அண்ணா, வந்து பாருங்கோ என்று நான் சொல்வேன் என்று காத்திருந்தார். இப்போதும் எனக்கு அது நன்றாகத் தெரியும், கதிரையின் கைப்பிடியில் ஒரு கையை ஊன்றி அரைவாசி எழும்பிவிட்டார். நான் எதற்குக் கூப்பிடுவது, கறுத்த டீவியைப் பார்க்கவா? நான் கூப்பிடவில்லை. அவர் திரும்ப இருந்தார்.

"நீ போ. நேரம் போகுது. நீ போய்ப் பார்."

நான் ஓடினேன். என் கணவர் முழங்காலில் நின்று வயரைக் கையில் வைத்திருந்தார். பிளாஸ்டிக் தலை துளைக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. வயரின் முனையில் மெல்லிய நிறக் கம்பிகள் எட்டும் விரிந்து கிடந்தன. அதைத் திரும்பப் பூட்டுவதற்கு ஒரு குறடு வேண்டும். அந்த ஒழுங்கையில் அந்தக் குறடு ஒரே ஒருவரிடம்தான் இருந்தது.

"மாமாட்டச் சொல்லுவம் அம்மா. இன்னும் நேரமிருக்கு" என்றாள் மகள். "வேண்டாம்" என்றேன். அவள் தன் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள், அங்கே ஒரு கோடு கூடுதலாக வரும் என்று. நான் கறுத்த டீவிக்கு முன்னால் நின்றேன். எதிர் வீட்டுப் பெண் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் திரும்பி வந்தபோது மணி மூன்று ஐந்து. "படம் வரேல்லை. பெரியம்மா கத்தி அழுறது மட்டும் கேட்டது. மூடிட்டினமாம்" என்றாள்.

பொழுது படுகிற நேரம் அண்ணா என் வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வந்தார். கதிரையில் இருந்து, தேத்தண்ணி வாங்கிக் குடித்தார். "ஒராள் எண்டாலும் பார்த்தது பெரிய காரியம்" என்றார். என் கணவர் வயரின் முனையை டீவிக்குப் பின்னால் ஒளித்துவிட்டிருந்தார். இரண்டு நாள் கழித்து, வீடு கூட்டும்போது தட்டுப்பட்டுக் கழன்றுவிட்டது என்று அதைக் காட்டினோம். அண்ணா குறட்டைக் கொண்டுவந்து, கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு, எட்டுக் கம்பியையும் ஒழுங்கு பார்த்து அடுக்கிப் புதுத் தலை பூட்டினார். "இழுக்கக் கூடாதெண்டு சொன்னனான்தானே" என்று சிரித்தார். நாலு வருசத்தில் முதல் தரம் என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான். அப்போதாவது சொல்வோம் என்று வாயெடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது முதல் நாளை விடக் கஷ்டமாகியது. அம்மாவுக்கு உண்மையில் என்ன சீலை உடுத்தினீர்கள் என்று அக்காவிடம் கேட்கவும் எனக்கு வழியில்லை. "ஏன், நீ பார்க்கேல்லையோ?" என்பார். மகள் என்னோடு அதைப் பற்றிக் கதைப்பதில்லை. என் கணவர் ஒரே ஒரு தரம், "சொன்னால் திரும்பக் கதையை நிப்பாட்டிப்போடுவார்" என்றார். சொல் என்றாரா, சொல்லாதே என்றாரா என்று நான் கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அண்ணா வீட்டில் சமையல். இரண்டு வீட்டு அடுப்பிலும் வைத்து, ஒன்றாகப் பரிமாறினோம். வந்த சனம் சாப்பிட்டுக் கை கழுவி, வெற்றிலைத் தட்டைச் சுற்றி இருந்தபோது, தம்பலகாமத்துச் சித்தப்பா அம்மாவின் கடைசி முகத்தைப் பற்றிக் கேட்டார். நான் சொல்ல வேண்டி வரும் என்று பயந்து பாத்திரங்களை எடுத்தேன். ஆனால் அண்ணா என்னை விடவில்லை, தானே சொல்லத் தொடங்கினார்.

"மாம்பழ நிறப் பட்டு, அரக்குக் கரை. மூண்டு குறி திருநீறு. நித்திரை கொள்ளுற மாதிரி. கொஞ்சம் சிரிச்ச மாதிரியும் இருந்தவ, என்ன தங்கச்சி?"

சிரிப்பை நான் சொல்லவில்லை. அதை அவர் தானே சேர்த்திருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஓம் அண்ணா" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. அந்த நேரத்தில் அம்மாவின் முகம் அவருக்குத் தெரிந்தது, கரை வரைக்கும், குறி வரைக்கும். நான் எச்சில் பாத்திரங்களோடு நடுக் கூடத்தில் நின்றேன். எனக்குப் பூக்கள் மட்டும்தான் தெரிந்தன.